128 பைட்டில் ஒரு காடு

ஒரு கம்ப்யூட்டருக்கு மொத்தமே 128 பைட் நினைவகம்தான் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் எவ்வளவு அடங்கும்? தமிழைக் கம்ப்யூட்டரில் பதிந்து வைக்க இன்று பரவலாக உள்ள முறையில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் வேண்டும். 'கா' என்று எழுதினால் 'க' ஒரு குறி, துணைக்கால் இன்னொரு குறி. ஆக, ஓர் எழுத்துக்கே 6 பைட் செலவாகிவிடுகிறது. இப்படிக் கணக்கிட்டால், நீங்கள் சற்று முன் படித்த முதல் வாக்கியத்தில் பாதிகூட அந்த 128 பைட்டில் அடங்காது!

அந்த 128 பைட்டை மட்டும் வைத்துக்கொண்டு ஓர் இயந்திரம் வண்ணத் தொலைக்காட்சித் திரையில் வித்தைகள் பல காட்டியது. பீரங்கி வண்டிகள் மோதிக்கொண்டன. விண்வெளிப் பகைவர்கள் அணிவகுத்து இறங்கினார்கள். ஒருவன் விழுதைப் பிடித்து ஊஞ்சலாடி முதலைக் குளத்தைத் தாண்டினான். 1977 செப்டம்பரில் அமெரிக்காவின் அடாரி நிறுவனம், 200 டாலருக்குச் சற்றுக் குறைந்த விலையில் விற்பனைக்குக் கொண்டுவந்த 'வீடியோ கம்ப்யூட்டர் சிஸ்டம்' என்ற விளையாட்டுப் பெட்டிதான் அது. 1982 முதல் அதற்கு 'அடாரி 2600' என்ற பெயர் வழங்கலாயிற்று. ஏறக்குறைய 3 கோடி பெட்டிகள் விற்றன. 1990களின் தொடக்கம் வரை அது தயாரிப்பில் இருந்தது.

இத்தனை சிறிய நினைவகத்தில் இத்தனை படங்கள் எங்கே இருந்தன? எங்கும் இல்லை என்பதுதான் விடை. அது எப்படி என்று பார்ப்போம்.

முதலில் ஒரு கணக்கு

அந்தப் பெட்டி திரையில் காட்டிய படத்தில் குறுக்கே 160 புள்ளிகள். மேலிருந்து கீழே 192 வரிகள். பெருக்கிப் பாருங்கள்: 30,720 புள்ளிகள். வண்ணமே வேண்டாம், ஒவ்வொரு புள்ளியும் கறுப்பா வெள்ளையா என்று மட்டும் குறித்து வைத்தால் போதும் என்றாலும் புள்ளிக்கு ஒரு பிட் தேவை. 8 பிட் ஒரு பைட். ஆகவே 3,840 பைட். நம்மிடம் இருப்பதோ 128. சரியாக முப்பதில் ஒரு பங்கு! அந்த 128 பைட்டுக்குள்தான் ஆட்டக்காரர் எடுத்த புள்ளிகள், மிச்சமுள்ள உயிர்கள், யார் எங்கே நிற்கிறார் என்ற விவரம் எல்லாமே இருந்தாக வேண்டும்.

இன்று நம் வீடுகளில் உள்ள தட்டைத் தொலைக்காட்சியில் 1920-க்கு 1080 புள்ளிகள் கொண்ட படம் சாதாரணம். புள்ளிக்கு 3 பைட் வீதம் ஒரே ஒரு படத்துக்கு 62 லட்சம் பைட்டுக்கு மேல் ஆகிறது. அடாரியின் நினைவகத்தைப் போல் 48,600 மடங்கு. இன்று இது யாருக்கும் பெரிதாகத் தோன்றுவதில்லை. ஆனால் 1970களில் நினைவகச் சில்லு விலை உயர்ந்த பொருள். 200 டாலர் பெட்டியில் படத்துக்கென்று தனி நினைவகம் வைப்பதற்கு வழியே இல்லை.

வீட்டு விளையாட்டுப் பெட்டிகள் அதற்கு முன்பும் இருந்தன. ரால்ஃப் பேர் உருவாக்கிய கருவியிலிருந்து பிறந்த 'மேக்னவாக்ஸ் ஆடிசி' 1972இல் வெளிவந்தது. அதில் நுண்செயலியே கிடையாது, டிரான்சிஸ்டர்களும் டையோடுகளும்தான். பின்னணிப் படத்துக்கு வண்ணம் தீட்டிய பிளாஸ்டிக் தாளைத் தொலைக்காட்சித் திரையின் மேல் ஒட்டிக்கொள்ள வேண்டும்! 1976இல் வந்த 'ஃபேர்சைல்டு சேனல் எஃப்' நுண்செயலியையும், ஆட்டத்தை மாற்றிச் செருகும் கார்ட்ரிட்ஜையும் கொண்டுவந்தது. அந்தப் பணிக்குத் தலைமை தாங்கியவர் ஜெரி லாசன்.

அடாரியின் பொறியாளர்களுக்கு வழி திறந்துவிட்டது ஒரு சில்லின் விலை. 1975இல் மாஸ் டெக்னாலஜி என்ற நிறுவனம் 6502 என்னும் நுண்செயலியை 25 டாலருக்கு விற்கத் தொடங்கியது. அதை ஒத்த மற்ற நுண்செயலிகள் அப்போது நூறு டாலருக்கும் மேல். அதன் கால்களில் சிலவற்றைக் குறைத்து இன்னும் மலிவாக்கிய 6507 என்ற தம்பிதான் நம் பெட்டிக்குள் போனது. 128 பைட் நினைவகத்தோடு, ஜாய்ஸ்டிக்கின் விசைகளைக் கவனிக்கும் வேலையையும் சேர்த்துச் செய்த 6532 இரண்டாவது சில்லு. மூன்றாவது, தொலைக்காட்சியோடு பேசுவதற்கென்றே ஜே மைனரும் அவருடைய குழுவினரும் வடிவமைத்த சில்லு. 'டி.ஐ.ஏ.' என்று அதைச் சுருக்கமாக அழைத்தார்கள். நாமும் அப்படியே அழைப்போம். பெட்டிக்கு வைத்த இரகசியப் பெயர் 'ஸ்டெல்லா'. குழுவில் இருந்த ஜோ டிக்யூரின் சைக்கிளின் பெயர் அது!

ஓடும் கற்றை

இனி தொலைக்காட்சிப் பெட்டிக்கு வருவோம். தட்டைத் திரைகளையே பார்த்து வளர்ந்தவர்கள் நீங்கள். தமிழக அரசு 2006-க்குப் பின் இலவசமாக வழங்கிய வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி ஏதாவது பரணில் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். முன்னால் சிறிய திரை. பின்னால் பெரிய கூன். (வெளியிலிருந்து பார்த்தால் போதும். திறந்துவிடாதீர்கள். மின் இணைப்பைத் துண்டித்த பிறகும் உள்ளே ஆளைக் கொல்லும் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.) அந்தக் கூனுக்குள் இருப்பது படக்குழாய். அதன் கழுத்திலிருந்து எலக்ட்ரான் கற்றை புறப்பட்டுத் திரையின் உட்புறம் பூசப்பட்ட ஒளிர்பொருளைத் தாக்குகிறது. தாக்கிய இடம் ஒளிர்கிறது. சற்று நேரத்தில் மங்கிவிடுகிறது. வண்ணப் பெட்டியில் மூன்று கற்றைகள் சேர்ந்தே ஓடும். நம் வசதிக்கு அவற்றை ஒன்றாகவே கொள்வோம்.

கற்றை திரையின் இடது மேல் மூலையில் தொடங்கி வலப்பக்கம் ஓடி ஒரு வரி வரையும். பின் அணைந்து, விரைந்து இடப்பக்கம் திரும்பி, அடுத்த வரியைத் தொடங்கும். அடிவரை வந்ததும் மறுபடி உச்சிக்குத் தாவும். அடாரி பயன்படுத்திய அமெரிக்க முறையில் இப்படி மேலிருந்து கீழே ஒருமுறை வர 262 வரிகள். நொடிக்கு ஏறக்குறைய 60 முறை. ஒரு நொடியில் சுமார் 15,700 வரிகள்!

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் காலத்துத் தொலைக்காட்சிப் பெட்டியும் படத்தை எங்கும் சேமித்து வைப்பதில்லை. கற்றை இந்தக் கணத்தில் எந்தப் புள்ளியில் இருக்கிறதோ அந்தப் புள்ளியின் ஒளி மட்டுமே அதற்குத் தெரியும். முழுப் படமாக நமக்குத் தோன்றுவது ஒளிர்பொருளின் மங்கலும் நம் கண்ணின் மந்தமும் சேர்ந்து செய்யும் உபகாரம். அப்படியானால், விளையாட்டுப் பெட்டி மட்டும் எதற்காகப் படத்தை வைத்திருக்க வேண்டும்? கற்றை வந்து சேரும் அந்தக் கணத்தில், அந்த வரிக்கு என்ன வேண்டும் என்று சொன்னால் போதுமே!

அடாரி 2600-இன் இரகசியம் முழுவதும் இதுதான். இடம் இல்லாததால் இடத்துக்குப் பதிலாக நேரத்தைச் செலவிட்டார்கள். கைத்தறியில் நெசவாளர் நாடாவை ஒவ்வொரு முறை ஓடவிடும்போதும் அந்த ஊடைக்கு எந்த நிறம் என்று தீர்மானிக்கிறார் அல்லவா? அதைப் போல நுண்செயலி ஒவ்வொரு வரிக்கும் தீர்மானிக்கிறது. ஆனால் நெசவாளர் நெய்த சேலை தறியில் நிற்கும். இங்கே நெய்தது நெய்த உடனே அழிந்துபோகிறது. நொடிக்கு 60 சேலைகளைப் புதிதாக நெய்துகொண்டே இருக்க வேண்டும்.

76 துடிப்புகள்

நெய்வதற்கு எவ்வளவு அவகாசம்? 6507 நொடிக்குச் சுமார் 11 லட்சத்து 90 ஆயிரம் முறை துடிக்கும். அதை 15,700 வரிகளுக்குப் பகிர்ந்தால் வரிக்கு 76 துடிப்புகள். ஒரு கட்டளையை நிறைவேற்ற 2 முதல் 7 துடிப்புகள் ஆகும். ஓர் எண்ணை எடுத்து டி.ஐ.ஏ. சில்லில் போட எடுக்க 2, போட 3, ஆக 5 துடிப்புகள். ஒரு துடிப்புக்குள் கற்றை 3 புள்ளிகளைக் கடந்துவிடும். எனவே ஒரே ஓர் எண்ணை மாற்றுவதற்குள் கற்றை 15 புள்ளி தூரம் போய்விடுகிறது. வரி முழுதும் வேறு எதையும் செய்யாமல் இதையே செய்தாலும் 15 எண்களைத்தான் மாற்ற முடியும்.

நிரல் எழுதுபவர் ஒவ்வொரு கட்டளைக்கும் எத்தனை துடிப்பு என்று தாளில் கூட்டிக்கொண்டே எழுத வேண்டியிருந்தது. 76-ஐத் தாண்டினால் அடுத்த வரி தாமதமாகிப் படம் குலைந்துவிடும். முன்னதாக முடிந்துவிட்டால்? அதற்கு ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. டி.ஐ.ஏ.யின் குறிப்பிட்ட முகவரி ஒன்றில் எதையாவது எழுதினால் நுண்செயலி அப்படியே நின்றுவிடும். கற்றை அடுத்த வரியைத் தொடங்கும்போது மறுபடி ஓடத் தொடங்கும்.

192 வரிகள் போக, திரையில் தெரியாத வரிகள் 70. அந்த 70 வரி நேரத்தில், அதாவது 5,320 துடிப்புகளுக்குள், ஜாய்ஸ்டிக் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, யார் யாரைச் சுட்டார் என்பன போன்ற மற்ற வேலைகளையெல்லாம் முடித்தாக வேண்டும். சதுரங்கம் ஆட இந்த நேரம் போதாது. 1979இல் வந்த 'வீடியோ செஸ்' ஆட்டத்தில், கம்ப்யூட்டர் தன் காய் நகர்த்தலை யோசிக்கத் தொடங்கினால் பலகை மறைந்து திரையில் வெறும் வண்ணங்கள் மின்னும். யோசிப்பதும் வரைவதும் ஒரே சமயத்தில் முடியாதென்று வரைவதை விட்டுவிட்டது அந்த இயந்திரம்!

இரண்டு பீரங்கிகள், ஒரு பந்து

டி.ஐ.ஏ. எதை வரையத் தெரிந்த சில்லு? எட்டுப் புள்ளி அகலமுள்ள 'ஆட்டக்காரர்' இரண்டு, 'குண்டு' இரண்டு, 'பந்து' ஒன்று, மேலும் சுவர்களுக்கான பின்னணி. அவ்வளவுதான். பின்னணிக்கும் 20 பிட் மட்டுமே. அது திரையின் பாதி. மறுபாதி அதன் நகலாகவோ கண்ணாடிப் பிம்பமாகவோ இருக்கும். இந்தப் பட்டியலைப் பார்த்தாலே வடிவமைத்தவர்கள் மனத்தில் என்ன இருந்தது என்று புரிகிறது. மட்டைக்கு ஆட்டக்காரர், பந்துக்குப் பந்து என்று கொண்டால் அது 'பாங்' என்ற டென்னிஸ் ஆட்டம். வண்டிக்கு ஆட்டக்காரர், சுடுவதற்குக் குண்டு என்று கொண்டால் பீரங்கி ஆட்டம். அடாரியின் இந்த இரண்டு ஆட்டங்களும் அப்போது கடைவீதி ஆட்டக் கூடங்களில் புகழ் பெற்றிருந்தன. அவற்றை வீட்டுக்குக் கொண்டுவரத்தான் இந்தச் சில்லு.

இந்த ஆறில் எந்த இரண்டு மோதிக்கொண்டாலும் டி.ஐ.ஏ. தானே குறித்து வைத்துக்கொள்ளும். ஆறு பொருள்களை இரண்டிரண்டாகச் சேர்த்தால் எத்தனை ஜோடிகள்? பள்ளியில் படித்த சேர்மானக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 15. சில்லில் மோதலைக் குறிக்கும் பிட்டுகளும் சரியாக 15.

விந்தை என்னவென்றால், இந்தப் பொருள்கள் எதற்கும் கிடைமட்ட இடத்தை ஓர் எண்ணாகச் சொல்ல முடியாது! 'இங்கே வை' என்று டி.ஐ.ஏ.க்குக் கட்டளையிடும் கணத்தில் கற்றை எங்கே ஓடிக்கொண்டிருக்கிறதோ அதுவே இடம். வலப்பக்கம் வேண்டுமென்றால் சற்றுத் தாமதித்துக் கட்டளையிட வேண்டும். பிறகு எட்டு புள்ளிக்குள் நகர்த்திச் சரிசெய்துகொள்ள வேறொரு கட்டளை உண்டு. அந்தக் கட்டளைக்கு ஒரு பக்க விளைவும் இருந்தது. எந்த வரியில் அதைக் கொடுத்தாலும் அந்த வரியின் இடது ஓரத்தில் எட்டுப் புள்ளி நீளத்துக்குக் கறுப்புக் கோடு விழும். வரிக்கு வரி விட்டுவிட்டுக் கொடுத்தால் சீப்பின் பற்கள் போல் தெரியும். சிலர் என்ன செய்தார்கள் தெரியுமா? தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லா வரியிலும் அந்தக் கட்டளையைக் கொடுத்துவிட்டார்கள். சீப்புப் பற்கள் ஒன்று சேர்ந்து நேர்த்தியான கறுப்புப் பட்டை ஆகிவிட்டது!

செங்குத்துத் திசையிலோ நிலைமையே வேறு. டி.ஐ.ஏ.க்கு மேல், கீழ் என்ற நினைப்பே கிடையாது. தன் முன் உள்ள ஒரு வரி மட்டுமே அதன் உலகம். ஒரு பீரங்கி வண்டியின் உருவம் வேண்டுமானால் ஒவ்வொரு வரியிலும் எட்டுப் பிட்டை மாற்றிக்கொண்டே வர வேண்டும். வேலை அதிகம்தான். ஆனால் இதில்தான் ஆதாயமும் இருந்தது. வண்டியை வரைந்து முடித்த பின், அதே 'ஆட்டக்காரரை' அதற்குக் கீழே பத்து வரி தள்ளிப் பறவையாக்கலாம். இன்னும் கீழே படகாக்கலாம். டென்னிசுக்காகவும் பீரங்கிக்காகவும் செய்த பெட்டி பதினான்கு ஆண்டுகள் உயிரோடிருந்ததற்கு என் கணிப்பில் முதல் காரணம் இந்த அறியாமைதான். படத்தைப் பற்றி அந்தச் சில்லு முன்கூட்டியே எதையும் தீர்மானித்து வைக்கவில்லை.

1980இல் வந்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' ஆட்டத்தைப் பாருங்கள். ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒரே வரியில் மூன்று நகல்கள் வரை வைத்துக்கொள்ள டி.ஐ.ஏ. அனுமதிக்கும். இரண்டு மூன்று ஆறு. அதனால்தான் அதில் பகைவர்கள் வரிசைக்கு ஆறு பேர். ஆட்டக் கூடத்து இயந்திரத்தில் இருந்தது போல் பதினொருவர் அல்ல. சதுரங்கத்திலோ வரிசைக்கு எட்டுக் காய்கள் வேண்டும். பாப் வைட்ஹெட் அதற்கு ஒரு வழி கண்டார். ஒற்றை வரிகளில் நான்கு காய்கள், இரட்டை வரிகளில் மற்ற நான்கு. சன்னல் பலகைகளின் இடுக்கு வழியே பார்ப்பது போல் காய்கள் கோடுகோடாகத் தெரிந்தன. ஆனாலும் எட்டும் தெரிந்தன. 1982இல் வந்த 'பேக்-மேன்' ஆட்டத்தில் நான்கு பேய்களை முறை வைத்து மாற்றி மாற்றிக் காட்டினார்கள். பேய்கள் மினுக்மினுக்கென்று துடித்தன. வாங்கியவர்கள் பலர் முகம் சுளித்தார்கள் என்பதும் உண்மை.

255 காடுகள்

இப்போது காட்டுக்கு வருவோம். 1979இல் அடாரியில் நிரல் எழுதிக்கொண்டிருந்த சிலர், தாங்கள் எழுதிய ஆட்டத்தில் தங்கள் பெயர்கூட வருவதில்லை என்ற மனக்குறையோடு வெளியேறி, 'ஆக்டிவிஷன்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவர் டேவிட் கிரேன். 1982இல் அவர் எழுதிய 'பிட்ஃபால்' ஆட்டத்தில் ஹாரி என்பவன் 20 நிமிடத்துக்குள் 32 புதையல்களைத் தேடி ஓடுகிறான். திரையின் ஓரத்தைத் தாண்டினால் அடுத்த காடு. இப்படி மொத்தம் 255 காடுகள்! எங்கே குழி, எங்கே முதலை, எங்கே உருளும் மரக்கட்டை என்பது ஒவ்வொன்றிலும் வேறு.

ஆட்டம் முழுவதும், அதாவது படங்கள், ஒலிகள், விதிகள் எல்லாம், கார்ட்ரிட்ஜில் உள்ள 4,096 பைட்டுக்குள் அடங்க வேண்டும். காட்டுக்கு ஒரு பைட் வீதம் பட்டியல் போட்டால் பதினாறில் ஒரு பங்கு போய்விடும். கிரேன் பட்டியல் போடவில்லை. இப்போது இருக்கும் காட்டின் எண்ணை மட்டும் ஒரு பைட்டில் வைத்துக்கொண்டார். அந்த எண்ணின் எட்டுப் பிட்டுகளே குழியின் வகை என்ன, தரையில் கிடப்பது என்ன, மரங்கள் எப்படி நிற்கின்றன என்று சொல்லிவிடும். அடுத்த காடு வேண்டுமென்றால் இந்த எண்ணிலிருந்தே அதைக் கணக்கிட்டுக்கொள்ளும்.

அந்தக் கணக்கை நீங்களே தாளில் செய்யலாம். ஓர் எட்டு இலக்க இரும எண் எழுதுங்கள். உதாரணமாக 11000100. இடப்பக்கமிருந்து 1, 3, 4, 5ஆம் இடங்களைப் பாருங்கள். அவற்றில் உள்ள 1-களின் எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால் 1, இரட்டைப்படை என்றால் 0 என்று குறித்துக்கொள்ளுங்கள். நம் எண்ணில் அந்த இடங்களில் 1, 0, 0, 0. ஒரே ஒரு 1, ஒற்றைப்படை. இனி எண்ணின் முதல் இலக்கத்தை அடித்துவிட்டு, குறித்துவைத்த 1-ஐக் கடைசியில் சேருங்கள்: 10001001. அதுதான் வலப்பக்கத்துக் காடு. மறுபடி அதையே செய்தால் 00010010. பிறகு 00100101. இப்படியே போனால் 255 காடுகளையும் சுற்றி, ஒன்றைக்கூட இரண்டாம் முறை தொடாமல், புறப்பட்ட எண்ணுக்கே வந்துசேர்வீர்கள். எட்டு பிட்டில் 256 எண்கள் உண்டே, ஒன்று எங்கே போயிற்று என்று கேட்கலாம். 00000000-ஐ எடுத்துக்கொண்டு இதே விதியைச் செய்து பாருங்கள், தெரியும்.

ஹாரி பூமிக்கடியிலும் இறங்குவான். அங்கே ஒரு திரை தாண்டினால் மேலே மூன்று காடுகள் தாண்டியதாகக் கணக்கு. அதற்கென்று தனியாக ஏதும் வேண்டாம். இதே விதியை மூன்று முறை செய்தால் ஆயிற்று.

ஆனால் ஹாரி இடப்பக்கமாகவும் ஓடுவானே? அப்போது முந்தைய எண் தெரிய வேண்டும். அதையும் கிரேன் எங்கும் சேமித்து வைக்கவில்லை. பின்னோக்கியும் கணக்கிட்டுத்தான் கண்டுபிடித்தார். அந்த விதியை நீங்கள் கண்டுபிடியுங்கள். ஒரு குறிப்பு மட்டும் தருகிறேன்: அடித்துவிட்ட முதல் இலக்கம்தான் காணாமல் போனது, மற்ற ஏழும் ஓரிடம் தள்ளி அப்படியே இருக்கின்றன. காணாமல் போன இலக்கம் 1-ஆ 0-வா என்பதற்கான தடயம், கடைசியில் சேர்த்த இலக்கத்தில் இருக்கிறது. 11000100-க்கு இடப்பக்கத்துக் காடு 11100010 என்று உங்களுக்கு வந்தால் விதி சரி.

கண்டுபிடித்துவிட்டால் இன்னொரு சோதனையும் செய்யலாம். இந்தப் பெட்டியைப் போலவே நடந்துகொள்ளும் நிரல் ஒன்று, அதே 'ஸ்டெல்லா' என்ற பெயரில், இன்றைய கம்ப்யூட்டர்களுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. அதில் 'பேக்-மேன்' ஆட்டம் ஓடும்போது சட்டென்று நிறுத்தி, நின்றுபோன அந்தத் திரையில் எத்தனை பேய்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.